பூசை போடாத கட்டை

என் கணவர் கூத்தில் கட்டியக்காரன். ராஜா வருவதற்கு முன்னால் வந்து ஊரைச் சிரிக்க வைக்கிற வேஷம் அது. அவர் திரைக்கு வெளியே ஒரு காலை நீட்டினாலே போதும், செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கல்யாணமான புதிதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. போகப்போகச் சலித்துவிட்டது. வீட்டில் உம்மென்று உட்கார்ந்திருக்கிற மனிதரை ஊரே பார்த்துச் சிரிக்கும்போது பெண்டாட்டிக்கு உள்ளே ஏதோ செய்யும். அவருக்கும் ராஜா வேஷத்தின் மேல் ஓர் ஆசை இருந்தது. வாய் திறந்து சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில், எங்கள் கூத்துக் குழுவில், அதாவது ஜமாவில், துரியோதனன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர் லாரி கம்பெனி வேலை கிடைத்து மெட்ராசுக்குப் போய்விட்டார். நல்ல ஆஜானுபாகுவான ஆள். அவர் நின்றாலே துரியோதனன்தான். பாரதக் கூத்து நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஜமாவை நடத்தும் வாத்தியார் என் கணவருக்கு அந்த வேஷத்தைக் கொடுத்தார். கூத்து எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? நெம்மேலிப் பக்கம், நான் பிறந்த ஊரில். விடிந்த பிறகு படுகளம். திரௌபதி அம்மன் கோயில் முன்னால், மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்திருக்கும் துரியோதனனைச் சுற்றிச் சண்டை போட்டு அவர் சாக வேண்டும். என் அண்ணன்மார் முதல் ஊர்ப் பெரிய மனிதர்கள் வரை அத்தனை பேரும் நின்று பார்ப்பார்கள். அதில் ஒருவர் சிரித்துவிட்டால் தீர்ந்தது கதை. ஆயுசுக்கும் அவர் கட்டியக்காரன்தான்.

ராஜா வேஷக்காரர்கள் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டிக்கொள்கிற மர அணிகளைக் கட்டை என்போம். முள்முருங்கை மரத்தில் செதுக்கி, மேலே துணி ஒட்டி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் பதிப்பது. செதுக்குவது அவர் வேலை. ஒட்டுவதும் பதிப்பதும் என் வேலை. செங்கல்பட்டு பஜாரில் கீறல் விழுந்த கண்ணாடியை என் தலையில் கட்ட எந்தக் கடைக்காரனாலும் முடியாது. வேலை முடிந்து சூடம் காட்டிப் பூசை போட்டுவிட்டால், அதற்குப் பிறகு பெண்கள் அந்தக் கட்டையைத் தொடக்கூடாது. அதுவரை மடியில் போட்டு உழைத்தவள் அன்றிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். அது யார் வகுத்த நியாயமோ தெரியாது.

பழைய ஆளின் கட்டை இவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. புதிதாக இவர் அளவுக்குச் செய்தோம். கட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்ததுமே கூன் விழுந்தது. எங்கே கனக்கிறது என்று கேட்டால், கனக்குது என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சரி, கனம்தான் கெடுக்கிறது என்று இரண்டு பேரும் முடிவு கட்டி, அடுத்ததை உள்ளே நன்றாகக் குடைந்து லேசாகச் செய்தோம். அவருக்கு ஒரே சந்தோஷம். குதித்துக் குதித்து ஆடினார். வாத்தியார் வந்து பார்த்தார். தோளில் கட்டை ஆடியது, கட்டைக்கு அடியில் பழைய கட்டியக்காரன் துள்ளிக்கொண்டிருந்தான்.

"ராஜா வரலயேப்பா. நீதான வந்துகினு கீற" என்றார் வாத்தியார்.

பக்கத்தில் நின்ற என் ஓரகத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை, அது சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் என் கணவரின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே மறுபடியும் கனமாக ஒன்றைச் செதுக்க உட்கார்ந்தோம்.

அது பாதி முடிந்திருந்தபோது, அவர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு அதை நானே எடுத்துக் கட்டிக்கொண்டேன். எங்கே அழுத்துகிறது என்று அவர் வாயால் தெரிந்துகொள்ள முடியாது என்று ஆகிவிட்டது, என்ன செய்வது? கட்டியதுமே தெரிந்துவிட்டது. கழுத்தெலும்பின் மேல் விளிம்பு உட்கார்ந்து குத்தியது. பழைய புடவைத் துணியைச் சுருட்டி, தலைச்சுமைக்குச் சும்மாடு வைப்பது போல அடியில் வைத்தேன். பாரம் முழுக்க முதுகுக்கு இறங்கியது. கனம் அப்படியேதான் இருந்தது, வலி மட்டும் போய்விட்டது.

அப்படியே நின்றிருந்தபோது தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். கழுத்து திரும்பவில்லை. கால் திரும்பியது, பிறகு இடுப்பு, பிறகு மார்பு, கடைசியில்தான் முகம். நான் பிறந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு. நல்ல தண்ணீருக்கு மணல் மேட்டில் ஊற்று தோண்டுவோம். தலையில் குடத்தோடு மணலில் நடந்து வளர்ந்தவள் நான். பின்னால் இருந்து யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பமாட்டோம், ஆளே திரும்புவோம். கட்டையைத் தோளில் ஏற்றியதும் என் உடம்பு அந்தப் பழைய வழியில் தானாகப் போய்விட்டது. சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். எவனையும் மதிக்காத ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு என்ன, ஆசை யாரை விட்டது? புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கிர்க்கி சுற்றினேன். ராஜா வேஷக்காரர்கள் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுவார்களே, அதுதான். கனம் என்னை இழுத்துக்கொண்டு போனது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மத்தியானம் வேறு ஒன்றை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

நின்றபோது கதவு திறந்திருந்தது, அவர் நின்றுகொண்டிருந்தார். பெண்பிள்ளை கட்டை கட்டினால் ஜமாவுக்கு ஆகாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இன்னும் பூசை போடவில்லை, இது வெறும் மரம்தான் என்று நான் முந்திக்கொண்டேன். அவர் கதவைத் தாழ் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். இன்னொரு தரம் திரும்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"கழுத்த ஏன்மே திருப்ப மாட்டன்ற?"

"திருப்புனா கொடம் வுழுந்துடும்ல?"

"கொடமே இல்லியே."

"கீதுன்னு நெனச்சிக்க."

அன்றிலிருந்து அவர் தலையில் தண்ணீர்க் குடம் ஏறியது. அவர் ஊர்ச் செம்மண் தரையில் அந்த நடை வரவே இல்லை. கால் பதியாமல் நழுவியது. சரியென்று பஸ் ஏறி என் அம்மா வீட்டுக்குப் போய், விடியற்காலையில் மணலில் நடக்க வைத்தேன். தெப்பமாக நனைந்தார். ஊற்றுக்கு வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையை இவள் தண்ணீர் சுமக்க வைக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. என்னம்மா ஆராய்ச்சி இது என்று என் பெரியண்ணன் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். ஆராய்ச்சிதான். மணலில் குதிகால் புதையப் புதைய, அவசரமே இல்லாத ஒரு நடை அவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது.

படுகளத்தன்று வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பெண்கள் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தேன். மண் துரியோதனனுக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தயாராவது எனக்குக் கேட்டது. அந்த நேரம் பீமன் வேஷக்காரர் பின்னால் இருந்து அறைகூவினார். இவர் கழுத்தைத் திருப்பவில்லை. கால் திரும்பியது, இடுப்பு திரும்பியது, மார்பு திரும்பியது. முகம் வந்து சேர்வதற்குள் கூட்டம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு கிர்க்கி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர் தொடையில் அடிபட்டு விழுந்தபோது கிழவிகள் ஒப்பாரி வைத்தார்கள். என்னோடு ஊற்றுக்கு வந்துகொண்டிருந்த சிநேகிதி என் காதோரம் குனிந்தாள்.

"இன்னாடி இது, உன் நட மாரியே கீது?"

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். புருஷன் களத்தில் சாவதைப் பார்க்கத் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் அதற்காக அழவில்லை. அங்கே நடந்தது நான். ஆனால் நான் மணலில் உட்கார்ந்திருந்தேன்.

அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, யாராவது சிரித்தார்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். ஏன் அழுதாய் என்றார். எனக்கும் அதைக் கட்டிக்கொண்டு ஊர் முன்னால் ஆட வேண்டும் என்று சொன்னேன். அவர் எண்ணெய்த் துணியைப் பிழிந்தார்.

"ஊரு வுடாதுமே" என்றார்.

அது பொய்யில்லை. அதனால்தான் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு வாய்த்ததெல்லாம் ராஜா வேஷம்தான். எங்கள் கட்டைக்கு நல்ல பெயர் வந்து, மாமல்லபுரம் பக்கத்து ஜமாக்காரர்கள்கூட வந்து செய்து வாங்கிப் போனார்கள். ஒவ்வொன்றும் பூசைக்குப் போவதற்கு முன்னால் அவர் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வாயாலேயே தாளம் சொல்வார். நான் கட்டிக்கொண்டு ஆடுவேன். அந்தப் பக்கத்தில் அப்போது கூத்தாடிய துரியோதனன், கர்ணன் எல்லாரும் கட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டைகளில் ஆடியவள் நான். கண்ணெடுக்காமல் பார்ப்பார், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார். நல்ல மனிதர். பார்க்க அவர் ஒருவர் இருந்தார். எனக்கு அது போதவில்லை.