கள்ளி என்றால் ஒன்றல்ல

ஏப்ரல் மாதம், காலை பத்து மணி இருக்கும். மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து வந்த பேருந்தை விட்டு, அடிவாரத்துக் காரவள்ளிக்குச் சில வளைவுகள் மேலேயே இறங்கிக்கொண்டோம். கள்ளிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பள்ளியில் தாவரவியல் நடத்துபவள் நான். கூட வந்தவர் என் கணவர். அவருக்கு வலக் கண்ணில் பார்வை எப்போதோ போய்விட்டது. இடக் கண் ஒன்றை நம்பித்தான் ஈரோட்டில் தையல் கடை நடத்துகிறார்.

மலைக்கு மேலே மிளகும் பலாவுமாகக் குளிர்ச்சி. அடிவாரச் சரிவோ காய்ந்து கிடந்தது. சப்பாத்திக்கள்ளி மட்டும் சட்டை செய்யாமல் பச்சையாக நின்றது. அதில் இலை என்று நாம் நினைப்பது தண்டு, இலைதான் முள்ளாகிவிட்டது. ஒரு மழை பெய்தால் போதும், வேர் அவசரமாகக் குடிக்கும், தண்டு உப்பிக்கொள்ளும். மேலே மெழுகுப் பூச்சு. பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் மூச்சு விடும். உள்ளே தண்ணீரைக் கொழகொழவென்று பிடித்து வைத்திருப்பதால் லேசில் உலராது. இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பாட்டில் காலியாகிவிட்டது.

"தொண்டை காயுது. நீ சொன்ன தண்ணிய எடுத்தா என்ன?" என்று பேனாக்கத்தியோடு கிளம்பிவிட்டார். போய் நின்றது நாலு பட்டையாக நிமிர்ந்திருந்த சதுரக்கள்ளியின் முன்னால்.

"ஏனுங்க, அது வேறங்க! தொடாதீங்க!"

"இதுவும் கள்ளிதானே?"

பேரில்தான் இரண்டும் கள்ளி. வறட்சியைச் சமாளிக்க இரண்டும் ஒரே வழியில் போனதால் தோற்றத்திலும் சாயல் உண்டு. மற்றபடி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சதுரக்கள்ளிக்குள் இருப்பது கண்ணையே குருடாக்கக்கூடிய பால். கத்தி பட்டதும் அது தெறித்து இடக் கண்ணில் விழுந்தது.

அவர் அலறினார். கழுவ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முள்ளென்றும் கல்லென்றும் பாராமல், திட்டிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் அவரைச் சாலைக்கு இழுத்துவந்தேன். இறங்கி வந்த லாரியை நடுரோட்டில் நின்று மறித்தேன்.

ஓட்டுநர் தண்ணீர்க் கேனோடு குதித்தார். "கள்ளிப்பாலுங்களா? தேய்க்காதீங்க சாமி, கண்ணத் தொறங்க!"

"முடியலீங்க, எரியுது!" என்றார் என் கணவர்.

இமையை நான் விரலால் பிரித்துப் பிடிக்க, கேன் தீரும்வரை ஓட்டுநர் ஊற்றினார். பிறகு அதே லாரியில் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். அங்கே மறுபடி கழுவி, மருந்து போட்டுக் கட்டினார்கள்.

"காலையில பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் மருத்துவர். ராத்திரி முழுக்க என் கணவர் என் கையை விடவில்லை. எனக்குப் பயத்தில் அழுகைகூட வரவில்லை.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். சிவந்த கண் கூசியது, மூடியது, மெல்லத் திறந்தது. என் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றது.

"ரவிக்கையில தோள்பட்டைத் தையல் விட்டிருக்குது பாரு" என்றார். "ஊட்டுக்குப் போனதும் குடு, தெச்சுத் தாரேன்."

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.