மூன்றாவது வளையம்

மலைச் சைக்கிள் பந்தயம் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மலை எங்கே இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி போகும் வழியில் இருப்பதெல்லாம் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, தைலமரக் காடு, வற்றிப்போன குளம். அதற்குள் முப்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நடத்தியவர் ஒரு சிமெண்ட் ஏஜென்ட். தொந்தியைக் குறைக்கச் சைக்கிள் வாங்கினார். தொந்தி அப்படியே இருக்க, ஒரு சைக்கிள் சங்கம் மட்டும் முளைத்தது. அதற்கு அவரே செயலாளர்.

நான் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நாற்பத்திரண்டு வயது. பேர் கொடுக்கப் போனபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லேடீசுக்கு பத்து கிலோமீட்டர்தாங்க டீச்சர். குளத்துக் கரையில திரும்பி வந்துறலாம். ஹாட்பாக்ஸ் குடுக்குறோம்."

"எனக்கு ஹாட்பாக்ஸ் வேணாம். முப்பதும் ஓட்டுறேன்."

"வெயில்ல மயங்கி விழுந்தா யாருங்க பதில் சொல்றது?"

"நான் விழுந்தா நானே எந்திரிச்சுக்கிறேன். முப்பதையும் முடிச்சா, ஆம்பளைங்க லிஸ்ட்ல எம்பேரையும் சேத்து மைக்குல வாசிக்கணும். அவ்வளவுதான்."

"வாசிச்சுட்டாப் போச்சு" என்றார். சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டதாக நினைப்பு அவருக்கு.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பள்ளியில் விளையாட்டு விழா வரும்போதெல்லாம், பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாதித் தூரம் போதும் என்று எவராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இருபது வருடமாக நானும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாதித் தூரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வந்திருக்கிறேன். ஒரு நாளாவது முழுத் தூரத்தில் என் பெயர் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி. இதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அந்தப் பாதை முழுக்க ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன்.

பந்தயத்தன்று ஆறு மணிக்குக் கொடி அசைப்பதாகப் பேச்சு. சிறப்பு விருந்தினர் வந்து சேரும்போது எட்டரை. அவருக்குச் சால்வை, அவருடன் வந்தவருக்குச் சால்வை, கார் ஓட்டி வந்தவருக்குக்கூட ஒரு சால்வை. பிறகு அவர் சைக்கிளின் பெருமையை அரைமணி நேரம் பேசிவிட்டு ஏசி காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். செம்மண் காந்த ஆரம்பித்துவிட்டது.

பந்தயக்காரர்களைச் சொல்ல வேண்டாமா! சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்கள். ஒவ்வொரு சைக்கிளும் என் ஆறு மாதச் சம்பளம் இருக்கும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காதில் பாட்டு, கையில் நாடித்துடிப்பு பார்க்கும் கடிகாரம். கிளம்புவதற்கு முன்பே ஏதோ பசையைப் பிழிந்து வாயில் போட்டுக்கொண்டார்கள். முள் குத்தினால் பஞ்சர் ஒட்ட ஒருவனுக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றிக் கவலையும் கிடையாது, அலட்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பெண்கள் என்று என்னைச் சேர்த்து ஐந்து பேர். அதில் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கூடை வைத்த லேடீஸ் சைக்கிள், சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் பத்து கிலோமீட்டருக்குத்தான் பேர் கொடுத்திருந்தாள். "மத்தியானம் டூட்டி இருக்கு டீச்சர், நம்ம பத்து சீக்கிரம் முடிஞ்சிரும்ல" என்றாள், நானும் பத்துதான் என்று நினைத்து. நான் திருத்தவில்லை. அவளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வழியில் மூன்று இடத்தில் கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் சிவப்பு ரப்பர் வளையம், அடுத்து மஞ்சள், கடைசியில் பச்சை. மூன்றையும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வந்து காட்டினால்தான் முப்பது கிலோமீட்டர் ஓட்டியதற்குக் கணக்கு. பாதையைக் காட்டத் தரையில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தார்கள்.

எல்லோரையும் ஒன்றாகத்தான் அவிழ்த்து விட்டார்கள். குளத்துக் கரையில் பெண்கள் தனிப் பாதையில் திரும்ப, நான் ஆண்களோடு நேராகப் போனேன். இருபதாவது கிலோமீட்டர் வரைக்கும் எனக்கு முன்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள், பின்னால் ஒருவரும் இல்லை. சிவப்பும் மஞ்சளும் என் கையில் ஏறிவிட்டன. தொடை கழன்று விழும் போல இருந்தது. அப்போதுதான் பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. பந்தயப் பாதை வலது பக்கம், தைலமரக் காட்டுக்குள். அங்கே சுண்ணாம்பு கால்வாசிதான் மிஞ்சியிருந்தது, மீதியை ஆடு மிதித்திருந்தது. இடது பக்கம் ஊருக்குப் போகும் ரோட்டில் இரண்டு ஓரமும் பளிச்சென்று வெள்ளைக் கோடு. அந்த ஊரில் ஒரு காதுகுத்து. அதே சிறப்பு விருந்தினர் அங்கேயும் வருகிறார் என்று ரோட்டோரம் முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். பெரிய மனிதர் வந்தால் எங்கள் பக்கம் கோடு போடுவது வழக்கம். குழந்தைக்கும் தெரியும்.

முப்பது பேரும் இடது பக்கம் திரும்பினார்கள். சென்னைக்காரன் திரும்பினான், அவன் பின்னால் திருச்சிக்காரன், அவன் பின்னால் புதுக்கோட்டைக்காரனும் போனான் பாருங்கள், அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு பிளீச்சிங் பவுடரின் வாடை தெரியாதா?

"ஏய், அங்கிட்டு இல்ல, இங்கிட்டு!" என்று ஒரே ஒரு தடவை கத்தினேன். பெரிதாகக் கத்தவில்லை. பாட்டு மாட்டிய காதுக்கு அது கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று வலது பக்கம் திரும்பினேன்.

தைலமரக் காட்டுக்குள் செம்மண் புழுதியில் எனக்கு முன்னால் ஒரு டயர் தடம்கூட இல்லை. வாழ்க்கையில் அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். தூசி உள்ளே போய் இருமினேன், அப்புறமும் சிரித்தேன்.

மூன்றாவது இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சாய்த்து வைத்த குடை. பையன்களைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில், கேனுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். பச்சை வளையம் ஒன்றுகூட இல்லை. படம் எடுக்கலாம் என்றால் ஃபோனைப் பையோடு கிளம்பிய இடத்திலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மிதித்தேன். முதலில் வருகிறவளிடம் எவன் வளையம் கேட்கப்போகிறான் என்ற தைரியம்.

செயலாளர்தான் கேட்டார்.

"என்ன டீச்சர், குறுக்கால வந்துட்டீங்களா?"

அதைக் கேட்டதற்குப் பதில் அவர் என் மூஞ்சியில் துப்பியிருக்கலாம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து ரேஷன் கடைக்காரர் கார்டு பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சை இல்லியேங்க" என்றார். அவங்க வரட்டும், பார்க்கலாம் என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள் மகாராஜாக்கள். ஒருவர் நெற்றியில் சந்தனம். ஒருவர் ஏப்பம் விட்டபடி இறங்கினார். விலை உயர்ந்த ஹேண்டில்பாரில் மஞ்சள் தாம்பூலப் பை தொங்கியது. நடந்தது இதுதான்: எங்கள் பக்கம் விசேஷ வீட்டுக்கு முன்னால் யார் போனாலும் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பிட வைக்காமல் விடமாட்டார்கள். இவர்களையும் பந்தலுக்குள் இழுத்திருக்கிறார்கள். பக்கத்துக் காட்டில் பசியோடு உட்கார்ந்திருந்த பச்சை வளையப் பையன்களை அதற்கு முன்பே ஆள் அனுப்பிக் கூட்டிப்போய் இலை போட்டாயிற்று. பந்தியில் பந்தயக்காரர்களைக் கண்டதும், பொறுப்பான பிள்ளைகள் அல்லவா, எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு பச்சை வளையம் கொடுத்திருக்கிறார்கள்.

சென்னைக்காரர் செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், ரெஃப்ரெஷ்மெண்ட் பாயிண்ட் பிரமாதம். மட்டன் எல்லாம் போட்டீங்க, எதிர்பார்க்கவே இல்ல."

செயலாளர் ஒரு நொடி விழித்தார். பிறகு, "நம்ம ஊரு உபசரிப்புங்க" என்றார். தூ!

"இவங்க பாதையிலயே போகலைங்க" என்றேன். "மூணு வளையம் இருக்கேங்க டீச்சர். ரூல்னா ரூல்தானே?" என்றார். தப்பாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் முப்பது கிலோமீட்டர் வீரர்கள். சரியாகப் போனவள் குறுக்கு வழியில் வந்தவள். நான் குரலை உயர்த்தினேன். மேடையிலிருந்து சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்தார். செயலாளருக்கு வேர்த்தது. வேகமாக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"மகளிர் பிரிவில் முதல் பரிசு, நம்ம டீச்சர்! வாங்க டீச்சர், வாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் பெரிய ஹாட்பாக்ஸைக் கையில் ஏந்தி நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மேடைக்குப் போய், இது நான் ஓட்டாத பந்தயம் என்று சொல்லியிருக்கலாம். ஜெயிக்காத கப்பைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் வருடா வருடம் சொல்கிறவள் நான். என் கால் தானாகப் படி ஏறியது. கையை நீட்டி வாங்கினேன். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். இரண்டாம் பரிசு நர்ஸுக்கு, சின்ன ஹாட்பாக்ஸ்.

பத்தை முடித்த கையோடு அவளை மேடைக்குப் பின்னால் முதலுதவி மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள், நான் வந்து சேர்ந்ததை அவள் பார்க்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி அங்கிருந்து என்னிடம் வந்தாள். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

"டீச்சர், நீங்க எப்ப என்னையத் தாண்டுனீங்க? குளத்துல திரும்புனதுல இருந்து எனக்கு முன்னால ஒரு டயர் தடங்கூட இல்லியே."

என் கையில் ஹாட்பாக்ஸ் கனத்தது. அதை அவளிடம் நீட்ட இரண்டு அடி தூரம்தான்.

"நீ குனிஞ்சுக்கிட்டே மிதிச்சிருப்பம்மா. கவனிச்சிருக்க மாட்ட" என்றேன்.

"அப்புடித்தான் இருக்கும் டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு, சின்ன ஹாட்பாக்ஸைக் கூடையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனாள். அவள் நம்பிவிட்டாள்.