மேடையில் தேங்கிய மழை

எங்கள் வீட்டு முகப்பில் செங்கல் பதித்தவர் என் கணவர். எங்கள் ஊரான சுருவிலில் மற்ற வீடுகளெல்லாம் சீமெந்துக் கல்லில் நிற்க, மீன் நன்றாகப் பட்ட ஒரு வருடம் அவர் லொறியில் செங்கல் கொண்டுவந்து இறக்கினார். அந்த முகப்பை ஒன்றரை வருடமாக அவர் பார்க்கவில்லை. வள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு அடிபட்ட பிறகு சக்கரக் கதிரைதான். வாசலில் மூன்று படி. ஆட்கள் தூக்கி இறக்க அவர் சம்மதிக்கவே இல்லை. கோயிலுக்கும் போகவில்லை.

"நான் என்ன மீன்பெட்டியே, தூக்கி இறக்க?" என்பார்.

கனடாவில் இருக்கும் மகள் தன் வீட்டுப் படம் ஒன்று அனுப்பினாள். கதவு மட்டத்துக்கு ஒரு பலகை மேடை, அதில் கதிரைகள். பார்த்ததும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எங்கள் வாசலிலும் அப்படியொரு மேடை, அதிலிருந்து முற்றத்துக்கு ஒரு சாய்வுப் பலகை. யாருடைய கையும் படாமல் அவர் தானாக இறங்கலாம்.

என் அண்ணையைப் பிடித்தேன். வள்ளங்களுக்குப் பலகை அடிப்பது அவர் தொழில். வீட்டு வேலை தனக்குச் சரிவராது என்று இழுத்தவரை நான் விடவில்லை. என் கணவர் உள்ளேயிருந்து போட்ட ஒரே நிபந்தனை, செங்கல்லில் ஓர் ஆணியும் இறங்கக்கூடாது என்பது. அதனால் மேடை சுவரைத் தொடாமல் பனங்கால்களில் நின்றது.

அண்ணை அழகாகத்தான் கட்டினார். கடைசியில், வள்ளத்தில் கை பழகிய பழக்கத்தில், பலகைகளுக்கு இடையில் இருந்த நீக்கல்களிலெல்லாம் பஞ்சைத் திரித்து இறுக்கித் தாரும் பூசினார். சுவரோரத்து இடைவெளியையும் விட்டுவைக்கவில்லை.

"ஒரு சொட்டுத் தண்ணி போகாது," என்றார். கடற்கரையில் பிறந்த எனக்கும் அது நல்ல வேலையாகவே பட்டது. மேடை வாசல் பக்கம் ஒரு விரல் சரிந்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

மேடை முடிந்தும் இவர் வாசலைத் தாண்டவில்லை.

"நாளைக்குப் பாப்பம்," என்றார். ஒரு கிழமையாக இதே கதை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் இனி வெளியே வரவே மாட்டாரோ என்று பயந்தேன்.

பிறகு ஒரு காலை நல்ல மழை. மேடையில் விழுந்த தண்ணீர் முழுவதும் வாசலால் உள்ளே வந்து அவருடைய சக்கரத்தை நனைத்தது. மழை விட்டதும் அண்ணை ஓடிவந்து தலையில் கை வைத்தார்.

"பிழை விட்டிட்டன், மச்சான். பலகையெல்லாம் கழட்டத்தான் வேணும்."

"கழட்ட வேண்டாம். வள்ளமெண்டு நினைச்சு அடைச்சுப்போட்டீர். பஞ்சைக் கிளறி எடுத்தாப் போதும். உளியைத் தாரும்."

சொல்லிக்கொண்டே இவர் கதிரையை உருட்டி வாசலைத் தாண்டினார். கதிரையிலிருந்து மேடையில் சறுக்கி இறங்கி உட்கார்ந்து பஞ்சைக் கிளறத் தொடங்கினார். விளக்குமாற்றோடு நின்ற நான் தண்ணீரைக் கூட்டுவதிலேயே கண்ணாக இருந்தேன். ஏதாவது சொன்னால் திரும்பிப் போய்விடுவார். அரைவாசி முடிந்ததும் அண்ணை அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். இவரும் அண்ணையின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் தேத்தண்ணியோடு வந்தபோது, மீதிப் பஞ்சையும் கிளறி முடித்த அண்ணை மட்டும் மேடையில் இருந்தார். சாய்வுப் பலகையில் ஈரச் சக்கரத் தடம் முற்றம்வரை போயிருந்தது. இவர் கீழேயிருந்து குனிந்து மேடையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், எல்லா நீக்கலாலயும் வடியுது," என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

பிறகு நிமிர்ந்து தன் செங்கல் முகப்பை நெடுநேரம் பார்த்தார்.

"பாசி பிடிச்சுப் போச்சு. நாளைக்கு நானே தேய்க்கிறன்."