ரத்னா அழுத்திய இடம்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷம் ஆபீசில் இருந்தேன். இங்கிலீஷ் கடிதம் என்றால் என் மேசைக்குத்தான் வரும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அது இறங்கிய கதை இது.

ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீ மேக்கர் ரிடையர் ஆனபோது அந்த இடத்துக்குத் தகுதியானவர் ரத்னாதான். வாடிய இலையை ரோலர் மெஷினில் அழுத்தி உருட்டும் ரோலிங் ரூமுக்கு சூப்பர்வைசர். இலையைக் கையில் அள்ளினாலே பக்குவம் சொல்லிவிடுவார். ஆனால் டீ வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் வீடியோ காலில் பேசுவதும் டீ மேக்கர் வேலை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“ஜோசப், திங்கக்கிழமை கால்ல ரத்னா பேசட்டும். பையருக்குப் புரியலேன்னா வெளியிலிருந்துதான் ஆள் எடுக்கணும். நீங்க கொஞ்சம் தயார் பண்ணுங்க.”

ரத்னாவுக்கு வார்த்தைகள் தெரியும். ஆனால் ‘ஃபெர்மென்டேஷன்’ என்று சொன்னால் நாலு துண்டும் ஒரே கனத்தில் விழும். ஒருமுறை பேசியபோது பையர் புரியாமல் திரும்பத் திரும்ப “சாரி?” என்றாராம். நான் பெரிய வாத்தியார் மாதிரி, ஒவ்வொரு சிலபிளுக்கும் கைதட்டச் சொன்னேன். ஃபெர், மென், டே, ஷன். எண்ணிக்கை சரியாக வந்தது. பேச்சு முன்னைவிட மோசமானது. இரண்டு நாள் இப்படியே போயிற்று. எனக்குக் கோபம் வந்தது, அவருக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் போனில் டிக்‌ஷனரியைக் காட்டினார். “ஏனுங்க சார், இந்த ‘டே’வுக்கு முன்னாடி மட்டும் மேல சின்னதா ஒரு கோடு இருக்குதுங்களே, எதுக்குங்க?”

“அங்கதான் அழுத்தணும்.”

“மத்ததெல்லாம்?”

“லேசா விட்டுடணும்.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே! ரோலர்லயும் அதேதானுங்க. இலைக்குக் கொஞ்ச நேரம் பிரஷர் குடுக்கோணும், அப்புறம் ரிலீஸ் பண்ணோணும். அழுத்திட்டே இருந்தா இலை சூடேறி டீயே கெட்டுப் போயிருமுங்க. நான் எல்லாத்தையும் அழுத்திட்டு இருந்திருக்கேனுங்க.”

பழைய ரோலர் சார்ட்டின் பின்பக்கத்தில், பேச வேண்டிய வார்த்தைகளை எல்லாம் எழுதி, அழுத்த வேண்டிய இடத்தில் மட்டும் கோடு போட்டார். அதற்குமேல் நான் சொல்லித்தர எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை. திரையில் தெரியாதபடி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பையர், இந்த லாட் டீயின் மணம் மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கேட்டார். நாங்கள் தயார் செய்யாத கேள்வி. ரத்னாவின் விரல் மேசைக்கு அடியில் மெல்லத் தட்டியது. அந்த வாரத்துக் குளிரையும், இலையை நிதானமாக வாட விட்டதையும் சொன்னார். ‘அரோமா’ என்றபோது ‘ரோ’வை அழுத்தினார். நான் ஆயுசு முழுக்க ‘அ’வைத்தான் அழுத்தி வந்தேன். திருத்த வாயெடுத்தேன். அதற்குள் பையர் அதே வார்த்தையை ரத்னா சொன்னபடியே சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கால் முடியும்வரை ஒரு “சாரி?” கூட இல்லை.

“நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க ஜோசப்,” என்றார் மேனேஜர். கூசிப்போனேன். “நான் இல்லைங்க சார், அவங்களே கத்துக்கிட்டாங்க,” என்று உண்மையைச் சொன்னேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு தொழிலை ஒழுங்காகக் கற்றவரிடம் இன்னொன்றைச் சொல்லித்தரப் போனால், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு அவர் கையைக் கவனியுங்கள்.

ரத்னாவை டீ மேக்கராக நியமிக்கும் ஆர்டரை நானே டைப் செய்தேன். “படிங்க சார், கேக்கோணும்,” என்றார் ரத்னா. ‘அப்பாயின்ட்மென்ட்’ வந்ததும் எனக்கு நாக்கு நின்றுவிட்டது. எங்கே அழுத்துவது? அவர் சிரித்துக்கொண்டே என் மேசையில் மூன்று தட்டு தட்டினார். நடுவில் இருந்ததை மட்டும் பலமாக.