வரி இல்லாத வீடு

எங்கள் குப்பத்தில் ஒரு வீடு, வீடு என்று கணக்கில் வர வேண்டுமென்றால் அது ஊருக்கு வரி கட்ட வேண்டும். சர்க்கார் வரி இல்லை, ஊர்ப் பஞ்சாயத்து வாங்குகிற வரி. கோயில் திருவிழா, வழக்குப் பேசுகிற செலவு, கடலில் காணாமல் போனவனைத் தேடப் படகு அனுப்புவது, எல்லாம் அதில்தான் நடக்கும். கல்யாணமான ஆம்பிளை ஒருவனுக்கு ஒரு வரி. என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், எங்கள் வீட்டுக்கு வரி வேண்டாம் என்று பஞ்சாயத்தில் தள்ளிவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"பொம்பள ஒண்டியா நிக்குறா, அவ கைல இன்னாத்த வாங்குறது?" என்றார் ஊர்ப் பெரியவர். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எவ்வளவு நல்ல மனசு என்றுதான் நானும் நினைத்தேன்.

அதன்பிறகு அம்மா ஆற்றில் இறங்கினாள். எங்கள் காத்திவாக்கத்துப் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, சேற்றைத் துழாவி, இறாலைக் கையாலேயே பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். வாயில் பறி இருக்கும்போது எப்படிப் பேசுவது? அம்மா நாள் பூராவும் பேசாமல் இருந்தே பழகிப்போனவள். கொஞ்ச வருஷத்தில் பக்கத்து அனல்மின் நிலையத்தின் சுடுதண்ணீரும் சாம்பலும் ஆற்றுக்கு வந்தன. சேற்றில் கையை விட்டால் சிமெண்டு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பறி பாதிகூட நிரம்பாது.

நாடு கதவைத் திறந்துவிட்டது, வெளியூர்ப் பணம் வந்து குவியப்போகிறது, வீட்டுக்கு வீடு வேலை என்று டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்தார்கள். நான் பிளஸ் டூ முடித்த வருஷம் அந்தப் பணம் எங்கள் ஆற்று வாயிலுக்கே வந்து சேர்ந்தது. ஒரு தனியார் கம்பெனி கப்பல் நிற்கத் துறை கட்டப்போகிறதாம். ஊரின் இடம் போவதற்குப் பதிலாக, குடும்பத்துக்கு ஒருவருக்கு வேலை. எத்தனை குடும்பம் என்று அதிகாரி கேட்டார். எங்கள் பெரியவர்கள் வரி நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் சூது ஒன்றும் இல்லை. எங்கள் ஊருக்கு வேறு கணக்கு தெரியாது, அவ்வளவுதான். ஆனால் வரி நோட்டில் எங்கள் வீடு இல்லை.

அம்மா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினாள். "உங்க ஊர்க்காரங்க குடுத்த லிஸ்ட்லயே நீங்க இல்லையேம்மா" என்றார் அவர். அங்கிருந்து பெரியவர் வீட்டுக்கு வந்தோம். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அம்மா நீட்டினாள்.

"இத்தினி வருச வரியும் சேத்து கட்டிடறேண்ணா. என் பொண்ணு பேர எய்திக்கோ."

"பொம்பளைக்கு ஏதும்மா வரி? இன்னிக்கு ஒன்கிட்ட வாங்குனா, நாளிக்கு அல்லாரும் வந்து நிப்பாளுங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா? மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிடித்தபடி நான் பின்னால் நின்றிருந்தேன். அந்தக் கவரால் அவர் மூஞ்சியில் அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வேலை கிடைத்தவர்கள் என்ன ஆனார்கள்? வேலை கம்பெனியில் இல்லை, ஏஜென்சியில். புல் வெட்டினார்கள், லாரிக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. மூன்று வருஷத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். படகை விற்றுவிட்டுப் போனவன் வெறும் கையோடு திரும்பி வந்ததைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்புறம் ஆற்றில் பிழைக்க முடியாமல் நானும் அங்கேதான் போனேன். துடைப்பம் பிடிக்க யாரும் வரி நோட்டைக் கேட்கவில்லை. பதினாறு வருஷமாகக் கரித்தூள் கூட்டுகிறேன். நடுவில் நாலு தரம் ஏஜென்சியின் பெயரை மாற்றினார்கள். மாற்றுகிற ஒவ்வொரு தரமும் நான் புதிதாகச் சேர்ந்தவள். சர்வீஸ் ஒன்றிலிருந்து தொடங்கும்.

போன வருஷம் துறையைப் பெரிதாக்கப்போவதாகச் சொல்லிக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மிச்சமிருந்த ஆறும் போகும். கூட்டத்துக்கு முந்தின நாள் அதே பெரியவர், இப்போது கோல் ஊன்றிக்கொண்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நீயும் வந்து குந்து தங்கச்சி. நம்ம ஊரு எத்தினி வூடுன்னு காட்டணும்."

"இப்ப மட்டும் என் வூடு கணக்குல வர்தா?" என்றாள் அம்மா. அவர் போனபிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "நான் போறேன். அவருக்கோசரம் இல்ல, ஆத்துக்கோசரம்."

எங்கள் சூப்பர்வைசர் அன்று மதியமே எங்களிடம் சொல்லியிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. "நாளிக்கு யாரும் தொடப்பம் எடுக்க வாணாம். நல்ல பொடவயா கட்டிகினு வாங்க. பந்தல்ல குந்தணும், நான் கைய தூக்குனா தட்டணும். வராதவங்க அப்பால வேலைக்கும் வர வாணாம்."

பந்தலில் முன்வரிசை நாற்காலிகள் எங்களுக்கு, 'பயனடைந்த உள்ளூர் மக்கள்' என்று. எங்கள் ஊர் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. வெகு நேரம் கழித்து மைக் அங்கே போனது. அதை வாங்கியவள் அம்மா. நாலு பேர் சேர்ந்தாற்போல் இருந்தால்கூட வாயைத் திறக்காத அம்மா.

"ஐயா, சேத்துல கைய வுட்டா சாம்பலா வர்து. எறா இல்ல. எனக்கு வேற இன்னா வேல தெரியும்..."

சூப்பர்வைசர் கையைத் தூக்கினான். என்னைச் சுற்றி எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மாவின் குரல் அதில் அமுங்கிப்போனது. ஆனால் அவள் கண் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. கையை நிறுத்தினால் அவன் பார்த்துவிடுவான் என்று நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு காகிதம் கை மாறி மாறி வந்தது. மேலே 'விரிவாக்கத்தை ஆதரிக்கும் குடும்பங்கள்' என்று அச்சடித்திருந்தது. கதவு எண், குடும்பத் தலைவர், கையெழுத்து. எங்கள் வீடு ஒரு பட்டியலில் ஏறியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பேப்பர்ல கையெய்த்து வாங்குனாங்களாமே. போட்டியா?"

"போட்டேம்மா."

"தலைவர்னு யார் பேர எய்தின?"

"ஒன் பேரதான்."

களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி ஒரு தரம் தண்ணீர் ஊற்றிக் களைந்தாள்.

"நாளிக்கு வேல உண்டுல்ல?" என்று கேட்டாள்.

"உண்டு" என்றேன்.