ஆனை நெருஞ்சில் தண்ணீர்

எழுபதுகளில், கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த முதல் கோடையில் என் வீட்டுக்காரருக்கு நீர்க்கடுப்பு வந்தது. புது ஹார்பரில் கப்பலுக்கு ஏறும் உப்பு மூட்டைகளுக்குக் கணக்குப் பார்க்கிற வேலை. நாள் முழுக்க வெயிலில் நிற்பார். வீட்டில் கொல்லைப்பக்கம் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். நான் தாமிரபரணிக் கரைக்காரி. எங்கள் ஊரில் இதற்கு இளநீரும் வெந்தயமும்தான். இரண்டும் கேட்கவில்லை.

மாமியார் தன் அண்ணன் மகளுக்குச் சொல்லி அனுப்பினார். அவளுக்குப் பீச் ரோட்டுப் பக்கம் வீடு. இவரைக் கட்டவேண்டியவள், ஜாதகம் பொருந்தாமல் தோணிக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று கல்யாண வீட்டிலேயே என் காதில் போட்டிருந்தார்கள். உப்பளத்து வரப்பில் பிடுங்கிய ஆனை நெருஞ்சில் ஒரு கொத்தோடு வந்தாள். மஞ்சள் பூ, நாலு பக்கமும் முள் வைத்த காய். அலசி, செம்புத் தண்ணீரில் விட்டுச் சுற்றினாள். தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரி திரண்டது. எனக்கே ஆச்சரியம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

"மச்சான், மூச்சு விடாமக் குடிச்சிருங்க."

மச்சான் குடித்தார். என் வெந்தயத் தண்ணீருக்கு மூஞ்சியைச் சுளித்த மனுஷன், நாற்றம் பிடித்த அந்தக் கொழகொழப்பைப் பாயசம் போலக் குடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. "வேலை விட்டு வார வழியில நம்ம வீட்டுக்கு வாங்க, கலக்கித் தாரேன்" என்று வேறு சொன்னாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம், நானே கலக்கிக் குடுக்கேன்" என்றேன். அவர் என் கையால்தான் குணமாக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் விடிந்ததும் வரப்புக்குப் போய், காலில் முள் ஏறப் பிடுங்கி வந்தேன். அவளுடையதைவிட நன்றாகவே திரண்டது. தூக்குவாளியில் ஊற்றி, மத்தியானம் குடிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மிச்சத்தைச் செம்பில் மூடி வைத்தேன். மத்தியானம் திறந்தால் வெறும் தண்ணீர். சாய்த்தால் சளசளவென்று ஓடுகிறது.

"கலக்குன கையோட குடிக்கணும்ளா. நேரம் போனா நீத்துப் போகும்" என்றார் மாமியார் சாவகாசமாக. காலையில் நான் கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்தான்.

வீட்டுக்காரர் வந்து கேலி செய்வார், அது அவள் காதுக்கும் போகும் என்று சாயங்காலம் வரை குமைந்துகொண்டிருந்தேன். அவரோ சிரித்த முகமாக வந்தார். வலி நன்றாகக் குறைந்துவிட்டதாம்.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். கொழகொழன்னு அப்படியே இருந்துச்சு. உனக்கு நல்லா கைவந்துட்டுளா."

என் செம்பில் நீத்துப்போனது அவர் வாளியில் மட்டும் எப்படித் திரண்டு நிற்கும்? செம்பைக் கொண்டுவந்து நீட்டினேன். "காலையில கலக்குனதுல மிச்சம். இதையும் குடிச்சிருங்க."

ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்புக்குள் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வழியில கூப்புட்டா. பிள்ளையளும் இருந்துச்சு" என்றார்.

"அப்போ சோத்தையும் அங்கனயே தின்னுட்டு வாங்க."

மறுநாள் அவர் அங்கே போகவில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. கடுப்பு சுத்தமாக நின்றுவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.