முதுகு பிளந்த சாம்பல் கவுன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கிருப்பது ஒரே தங்கை. நான் தைத்த கவுனே அவளைக் கொல்லப் பார்த்தது. இதை வைத்துக் கதை கட்ட எனக்கென்ன தலையெழுத்தா?

யார்க்‌ஷயரில் எங்கள் ஊர் டிசம்பர் சந்தைக்குப் பெண்கள் விக்டோரியா ராணி காலத்து உடுப்பில் வருவார்கள். அந்தக் காலத்தில் பகலில் உடுத்திய கவுன்களை அச்சு அசலாகத் தைத்துக் கொடுப்பது என் தொழில். பழைய கவுன் ஒன்றை வாங்கி, அதில் இருப்பதையெல்லாம் அப்படியே நகலெடுப்பேன். தையல் கோணலென்றால் கோணலாகவே. ஏன் என்று யோசிக்க மாட்டேன். அதுதான் வினையாக முடிந்தது.

ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் சாம்பல் நிறக் கம்பளி கவுன் கிடைத்தது. அந்தக் கால வழக்கப்படி முன்பக்கம் கொக்கிகள். ஆனால் முதுகும் கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தரியால் வெட்டித் திறந்திருந்தது. ஓரம்கூட மடித்துத் தைக்கவில்லை. சேர்த்துக் கட்ட இரண்டு நாடாக்கள். யாரோ குண்டுச் சீமாட்டி போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே புதுத் துணியிலும் அப்படியே வெட்டி நாடா வைத்தேன்.

சந்தைக்கு முந்தின நாள். மாலை நாலு பத்து. குளிர்காலம், வெளியே இருட்டிவிட்டது. தங்கை பெரில் புதுக் கவுனைப் போட்டுப் பார்த்தாள்.

“இடுப்பு பிடிக்குதுக்கா.”

“நீ தின்ன கேக்கைக் கேளு, ஏன்னு சொல்லும்.”

“வாயை மூடிட்டு ஊசியைக் குத்து.”

மண்டியிட்டுக் கீழ் விளிம்பில் குண்டூசி குத்தினேன். துணி நிற்கவில்லை. மடிப்புகள் தரையை நோக்கி விழாமல் அவள் முதுகுப் பக்கமாகவே சரிந்தன. இழுத்துவிட்டேன். மறுபடியும் சரிந்தன. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

நிற்பவள் மேல் துணி அப்படி விழாது. மல்லாந்து படுத்திருப்பவள் மேல்தான் விழும்...

“நேரா நில்லுடி.”

“நேராத்தான்... நிக்கிறேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கைகள் மார்பின்மேல் குறுக்காக மடங்கியிருந்தன.

“கையைக் கீழ போடு.”

“முடியலக்கா...”

பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தன.

க்ர்ர்க்...

முதுகில் நாடா இறுகியது. தானாக.

“பெரில்!”

கண்கள் மூடிக்கொண்டன.

மூச்சு இல்லை.

முடிச்சு அவிழவில்லை. பெரிய கத்தரியைக் கழுத்தருகே நுழைத்தேன். கம்பளி... உள்துணி... வெட்டினேன். வெட்டிக்கொண்டே இருந்தேன்.

ஹா... என்று மூச்சு வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மறுநாள் பழைய கவுனை, அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைக் கவனிக்கும் மிசஸ் ஹெப்டனிடம் கொண்டுபோனேன். அதன் முதுகுப் பக்கத்தைத் திருப்பியதும் கையை எடுத்துவிட்டார்.

“இது பொணத்துக்குப் போட்டதும்மா. விறைச்ச உடம்புக்கு வேற எப்படி மாட்டுறது? முதுகுல வெட்டி, முன்னாடி இருந்து போர்த்திக் கட்டிருவாங்க.”

“அப்ப இது எப்படி வெளிய இருக்கு? புதைக்கிறதுக்கு முன்னாடி கழட்டிட்டாங்களா?”

அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“வெட்டின ஓரத்தைப் பாரு லோர்னா. பிசிறெல்லாம் உரசி உரசித் தேஞ்சு போயிருக்கு. ஒரு நாள்ல இப்படி ஆகாது.”

“அப்படின்னா?”

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“வெட்டினதுக்கு அப்புறம் இதைப் போட்டுக்கிட்டு யாரோ ரொம்ப காலம் நடமாடியிருக்காங்க.”